ஸ்கெல்ம் கை தூக்கிய நாற்பத்தொரு வினாடி

1

முதலில் திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது.

2019 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. இங்கிலாந்தில் டார்பி நகரச் சுற்றுச்சாலையோரம் ஒரு ஓட்டல். பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ரசிகர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். எனக்கு ஒலி வேலை. மேடையேறப் போகிற விருந்தினர்களின் சட்டையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, அரங்கத்தின் பின்கோடியில் என் ஒலிப்பலகைக்கு முன்னால் காதுக்கருவியோடு உட்கார்ந்துகொள்வேன். அன்று மைக் குத்திக்கொண்ட ஒரு அம்மாள் மேடைப் பக்கம் போகாமல் பின்பக்க நடைவழிக்குப் போய், அங்கே நின்ற ஒரு பெரியவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். மைக் உயிரோடு இருந்தது. அரங்கத்துக்குப் போகாமல் அடைத்து வைத்திருந்தேன், என் காதுக்கு மட்டும் வந்தது. நாகரிகம் தெரிந்தவன் கருவியைக் கழற்றி வைத்திருப்பான். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

ஐந்து வருஷமாக இதை எழுதப் பார்க்கிறேன். தொடக்கமே மூன்று முறை கெட்டது.

முதல் தடவை: "மழை பெய்து ஓய்ந்திருந்த காலையில் பெரில் கார்ஸ்டாங்..." அன்று மழையே இல்லை. இங்கிலாந்து என்றதும் மழையைக் கொட்டிவிடுகிற கையை என்ன செய்வது?

இரண்டாம் தடவை: "அரக்கர்கள் பிறப்பதில்லை, அவர்களை நாம்தான்..." முடித்திருந்தால் யாராவது இதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் தேறுகிறது. அதிலிருந்தே போகலாம்.

2

பெரில் கார்ஸ்டாங்குக்கு அன்று காலை முட்டை இறங்கவில்லை.

வயது எழுபத்துநான்கு. தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் உடை உதவியாளராகச் சேர்ந்து, உடைப்பிரிவின் தலைவியாக ஓய்வு பெற்றவர். வொர்த்திங்கில் கடலோரம் தனியாக இருக்கிறார். இந்த விழாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக அழைப்பு வந்தது, பன்னிரண்டு வருஷமும் மறுத்தார். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தார். ஹல் நகரத்தில் ஒரு இளைஞனின் சவ அடக்கம். பெட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஐந்து விரலையும் விரித்திருந்தார்கள். செத்தவன் அந்தத் தொடரின் ரசிகன். படத்தைப் பார்த்த அன்றே பெரில், "வருகிறேன்" என்று எழுதிப்போட்டார்.

இப்போது ஓட்டல் சாப்பாட்டு அறையில் அதே கை அவரை நோக்கித் தூக்கப்பட்டது. தூக்கியவர் க்ளைவ் பாட்டம்லி, விழாவை நடத்துகிறவர், மேடையில் கேள்வி கேட்கப் போகிறவர். இன்னொரு கையில் தட்டு நிறைய பீன்ஸ்.

"நீங்கதானம்மா பெரில் கார்ஸ்டாங்? ஸ்கெல்முக்குக் கொக்கி மாட்டின கை இதுதானா? குடுங்க, ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கறேன்."

"மொதல்ல தட்ட கீழ வைப்பா. என் மேல கொட்டிராத."

"மத்தியானம் அந்த நாப்பத்தோரு வினாடியப் பத்தித்தான் கேக்கப் போறேன். தயாரா வந்துருங்க. ஜனங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"வில்ஃப் வந்தாச்சா?"

"காலையிலேயே வந்துட்டாரு. அங்க பாருங்க வரிசய. ராஜா மாதிரி உக்காந்திருக்காரு."

பெரில் எட்டிப் பார்த்தார். கூடத்து மேசையொன்றில் நெட்டையான ஒரு கிழவர். எதிரே வரிசை வாசல் வரைக்கும். வந்தவர் ஒவ்வொருவரும் கை தூக்கினார்கள், கிழவரும் பதிலுக்குத் தூக்கினார். பெரில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

3

அந்த நாற்பத்தொரு வினாடியைப் பார்க்காதவர்களுக்கு:

"அப்பால் நிலையம்" தொடர், 1967, நான்காம் பகுதி. விண்வெளி நிலையத்தின் தளபதிக்கு ஒரு மகள். அவள் நடைபாதையில் தடுக்கி விழுகிறாள். பின்னால் ஸ்கெல்ம் என்கிற அரக்கன் வருகிறான். ஏழடி உயரம், கண்கள் இல்லை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொந்து. அதுவரை பதினோரு பேரைக் கொன்றவன். பெண்ணின் மேல் குனிகிறான். நிற்கிறான். இடது கையை மெல்லத் தலைக்கு மேல் தூக்குகிறான், விரல்கள் விரிகின்றன. அப்படியே நிற்கிறான். கை நடுங்குகிறது. பிறகு அவள் முன்னால் மண்டியிட்டுத் தலை சாய்க்கிறான். அவ்வளவுதான். மறுநாள் நாடே அதைப் பேசியது. அரக்கனுக்கு இரக்கம் வந்துவிட்டது! அது சமாதானக் குறி என்றார்கள். அணுகுண்டுக்கு எதிரான ஊர்வலங்களில் மாணவர்கள் அப்படிக் கை தூக்கினார்கள். உண்மையில் கதைப்படி அந்தப் பெண் செத்திருக்க வேண்டும். எழுதியவர் அடுத்த பகுதியை அவசரமாக மாற்றினார், அவள் இன்னும் இரண்டு வருஷம் உயிரோடு நடித்தாள்.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சி அரக்கர்கள் பாவப்பட்டவர்கள். ரப்பர், பஞ்சு, பசை, குழாய்க்கடைச் சாமான். வருவார்கள், உறுமுவார்கள், ஆறாவது வாரம் செத்துப்போவார்கள். பத்தில் ஒன்பது பேரை யாருக்கும் நினைவில்லை. மனத்தில் நிற்கிறவன், செய்ய வந்ததைச் செய்யாமல் ஒரு கணம் தயங்கியவன். கொலைகாரன் கொல்வதில் என்ன அதிசயம்? அவன் கொல்லாமல் நிற்கும்போதுதான் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.*

(* இந்த வரியை எழுதியபோது எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. இப்போது படித்தால் குமட்டுகிறது. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.)

4

உள்ளே இருந்தவன் வில்ஃப் ஓட்ஸ், இருபத்தேழு வயது. ஸ்டோக் பக்கத்து ஆள். நடனக்குழுவில் ஆடிக்கொண்டிருந்தவன், உயரத்துக்காகவும் மெல்ல நடக்கத் தெரிந்ததற்காகவும் பிடித்துப்போட்டார்கள். பெயர்ப்பட்டியலில் அவன் பெயர் கிடையாது. அவனுக்கு அரக்கனின் ரப்பர் உறையை மாட்டிக் கழற்றுகிறவள் பெரில். (இருபத்திரண்டு வயதுப் பெண்ணை "அவர்" என்று எழுதக் கை வரவில்லை. கிழவியான பிறகு மரியாதை கொடுத்துக்கொள்கிறேன்.)

உறையின் தலை தனி. கழுத்துப் பட்டைக்கு அடியில் நான்கு கொக்கிகள். உள்ளே இருப்பவனுக்கு அவை எட்டாது. உறுமலுக்கு வேறொருவர் குரல், ஆகவே உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காதபடி பஞ்சு அடைத்திருந்தார்கள். அதனால் இருவரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மூச்சு முட்டினால் இடது கையைத் தூக்கி விரலை விரிப்பான், அவள் ஓடிவந்து கழற்றுவாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. அது சட்டைப் பித்தான் போட்டுவிடுவது மாதிரி சாதாரண சமாசாரமாக அவர்களுக்குள் இருந்தது.

அப்போதெல்லாம் நாடகம் போல முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டே பதிவு செய்வார்கள். நிறுத்தினால் நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும், வெட்டிய நாடா மறுபடி உதவாது. ஒரு பகுதிக்கு மூன்று முறைதான் நிறுத்தலாம் என்பது கண்டிப்பு. அன்று ஒரு கதவு சாத்தாமல் போனதில் இரண்டு போயிற்று. தளபதிக்கு வசனம் மறந்ததில் மூன்றாவதும் போயிற்று. "இனிமே கூரையே இடிஞ்சு விழுந்தாலும் நிறுத்தக் கூடாது" என்று மாடியறையிலிருந்து இயக்குநர் சொல்லியனுப்பினார். உறைக்கு அன்று மத்தியானம்தான் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். காயவில்லை. அந்த நெடி முழுக்க உள்ளேயே நின்றது.

கை உயர்ந்தது.

பெரில் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றாள். பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தள மேலாளர் அவளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். அவள் எடுத்த அடியைப் பின்னால் வைத்தாள்.

மாடியறையில் இயக்குநர், "ஆகா, என்னமா பண்றான்!" என்றாராம்.

வில்ஃப் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரல் போனது போனதுதான். அதன்பிறகு ஆட முடியவில்லை.

5

இனி நான் திருடியது. வில்ஃபுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் பெரில் உரக்கப் பேசினார், மைக்கில் எல்லாம் தெளிவாக விழுந்தது.

(வில்ஃப் அவரை "வாத்தே" என்றுதான் கூப்பிட்டார். அவர் ஊரில் அது செல்லம். அப்படியே எழுதினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இதுவல்ல, ஆகவே "அம்மாடி" என்று போடுகிறேன்.)

"வில்ஃப், நான் இன்னிக்கு சொல்லிடப் போறேன்."

"எத?"

"நீ கை தூக்கினத. நான் பாத்தத. பாத்துட்டு நின்னத."

வில்ஃப் மூச்சு வாங்குவது கேட்டது.

"நீ பாத்தேன்னு எனக்குத் தெரியும், அம்மாடி."

"தெரியுமா?"

"அந்தப் பொந்து வழியா உன் ஷூ தெரிஞ்சுது. பழுப்பு ஷூ. ஒரு அடி முன்னால வந்துச்சு. அப்பறம் பின்னால போச்சு."

"அய்யோ... ஆஸ்பத்திரிக்கு வந்து எத்தன நாள் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்பவே ரெண்டு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?"

"திட்டினா நீ அழுவ. அப்பறம் நான்தான் சமாதானப்படுத்தணும். எனக்கு இருக்கற மூச்சுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது."

"வெளயாடாத. சவப்பெட்டி முன்னால நின்னு கை தூக்கறாங்க வில்ஃப். சின்னச் சின்னப் புள்ளைங்க தூக்குது. என்னன்னு தெரியாம தூக்குது. எனக்கு நெஞ்சு அடைக்குது. இத உள்ள வெச்சுக்கிட்டு என்னால சாக முடியாது."

"ஓகோ. உன் நெஞ்சு லேசாகணும். அதுக்கு யாரோடத எடுத்து வெளிய வீசப் போற? என்னோடத."

"நான் அப்படிச் சொல்ல..."

"முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினேன். ஒருத்தன் நிமிந்து என் மூஞ்சியப் பாத்ததில்ல. இங்க வந்தா, 'ஐயா, அந்தக் கைய எப்படி நடிச்சீங்க'ங்கறான். நடிச்சேன்டாங்கறேன். நீ போட்டு உடைச்சா நான் யாரு? ரப்பர் மூட்டைக்குள்ள மயங்கி விழுந்த தடியன். அவ்வளவுதான?"

"உனக்கு நடந்தது கொடும. அதச் சொல்ல வேணாமா?"

"வேணாம். உன் பாவம், நீ வெச்சுக்க. என் கை என்னோடது. அதுல நீ கைய வைக்காத."

அப்போது க்ளைவ் வந்து, "பெரியவங்களே, மேடைக்குப் போலாமா?" என்றார்.

6

இங்கே ஒரு சந்தேகம். பெரிலை நான் நல்லவராக்கிவிட்டேனா? வாசகருக்கு அவர் மேல் பரிதாபம் வரவேண்டும் என்று சவப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை, படம் நிஜம். ஆனால் முந்தைய வடிவம் ஒன்றில், செத்த இளைஞனின் தாயை முதல் வரிசையில் உட்காரவைத்திருந்தேன். கையில் மகனின் போட்டோ. அவள் பெரிலைப் பார்த்து... பார்த்து என்ன? ஒன்றுமில்லை. அப்படி யாரும் வரவில்லை. உங்கள் கண்ணைக் கசக்கவைப்பதற்காக ஒரு தாயைத் தயாரித்தேன். அவளை அனுப்பிவிட்டேன்.

வில்ஃபையும் சந்தேகித்தேன். ஒரு மனிதன் தன் மூச்சைப் பறித்த கணத்தையே பெருமையாகச் சுமப்பானா? என் மனைவியிடம் கேட்டேன். "வேற என்ன இருக்கு அவர்கிட்ட?" என்றாள். அதற்குமேல் நான் சந்தேகப்படவில்லை.

7

இந்தக் கதைக்கு ஒழுங்கான முடிவுகள் இரண்டு உண்டு.

ஒன்று: பெரில் உண்மையைச் சொல்கிறார். அரங்கம் உறைகிறது. பிறகு எல்லோரும் எழுந்து வில்ஃபுக்குக் கைதட்டுகிறார்கள், முன்னைவிட அதிகமாக. கிழவர் அழுகிறார். (சினிமா.)

இரண்டு: பெரில் பொய் சொல்கிறார். வீட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு... (கடல் எதற்கு? கடலைப் பார்த்தால் எந்தப் பாவம் தீர்ந்திருக்கிறது?)

இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். எடுபிடி மாதிரி பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் குறுக்கே வந்து கெடுத்துவிட்டான்.

8

முந்நூறு பேர். மேடையில் மூன்று நாற்காலி. க்ளைவ் யோசிக்காமல் பெரிலை வில்ஃபின் வலது பக்கம், கேட்காத காதுப் பக்கம், உட்காரவைத்தார். பெரில் பேசுவது வில்ஃபுக்கு எதிரே இருந்த ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கும்.

க்ளைவ் சுற்றிவளைக்கவில்லை. "சொல்லுங்கம்மா. அந்தக் கை. யாரோட யோசன அது? எப்படி வந்துச்சு?"

வில்ஃப் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரில் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லணும்னா..." என்று ஆரம்பித்தார்.

அந்த வார்த்தையில் நான் அவர் மைக்குக்கான சறுக்குப் பொத்தானைக் கீழே இழுத்து, அரங்கத்துக்குப் போகாமல் அடைத்துவிட்டேன்.

வில்ஃபைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று முதல் வடிவத்தில் எழுதியிருந்தேன். பொய். பதினோரு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். பள்ளி நடைபாதையில் மூன்று பையன்கள் தினமும் என்னைக் கீழே தள்ளி மிதிப்பார்கள். அந்த வருஷம் ஸ்கெல்மின் மறுஒளிபரப்பு வந்தது. கொல்ல வந்தவன் கீழே கிடப்பவளைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறான். அப்படியும் நடக்கும் என்று நான் நம்பவேண்டியிருந்தது. நடைவழியில் அவர்கள் பேசியதைக் கேட்ட பத்து நிமிஷத்தில் எனக்கு அது போய்விட்டது. மற்றவர்களுக்காவது இருக்கட்டும் என்று நினைத்தேனா, அல்லது அவர்களிடம் இருந்தால் எனக்கும் திரும்பி வரும் என்று நினைத்தேனா, தெரியவில்லை. எப்படியானாலும் அது எனக்காகச் செய்தது.

அரங்கத்தில் சத்தம் நின்றது. என் காதில் மட்டும் பெரில் பேசிக்கொண்டே போனார்:

"...அது முழுக்க வில்ஃபோடது. யாரும் சொல்லித் தரல. எழுதினவருக்குத் தெரியாது, மேல இருந்த இயக்குநருக்கும் தெரியாது. உள்ளேருந்து அந்த மனுஷன் தானா செஞ்சது. நான் ஒண்ணும் செய்யல. பக்கத்துலயே இருந்தேன், பாத்துக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான்."

ஒரு சொல் பொய்யில்லை. வில்ஃபிடமிருந்து எதையும் எடுக்கவுமில்லை. தன் பாவத்தையும் முந்நூறு பேர் முன்னால் வைத்துவிட்டார், புரிய வேண்டிய ஒருவருக்கு மட்டும் புரியும்படி. அந்த ஒருவருக்கு அது கேட்கவில்லை.

வில்ஃப் பார்த்தது: ஒலிபெருக்கி ஊமையாக இருக்கிறது, பெரிலின் உதடு அசைகிறது, முன்வரிசை நெற்றியைச் சுருக்குகிறது. அவர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்து, படியைப் பிடித்து, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். க்ளைவ் தன் கைமைக்கை பெரிலிடம் நீட்டி, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார்.

பெரில் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. அன்னிக்கு ரொம்பப் புழுக்கமா இருந்துச்சுன்னு சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

9

க்ளைவ் இடைவேளை விட்டதும் வெளியே ஓடினேன். வில்ஃப் வண்டி நிறுத்துமிடத்தில் டாக்சிக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே கேட்டார்.

"நீ அந்த ஒலிக்காரன்தான? அவ சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"இல்ல சார். மைக் கோளாறு. யாருக்கும் கேக்கல."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் கேக்கல, சார்."

"நல்லதாப் போச்சு." மூச்சு வாங்கினார். "வேணாம் வேணாம்னு சொன்னேன்யா. கேக்காம மேடையேறி என்ன வித்துட்டா."

இப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். நான்தான் அணைத்தேன் என்று சொல்லவேண்டும். நடைவழியில் பேசியதையும் கேட்டேன் என்று சொல்லவேண்டும். என் வேலை போகும். அதையெல்லாம் நான் எண்ணிப் பார்த்து முடிப்பதற்குள் டாக்சி வந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டேன். பெரியவர் நன்றி சொன்னார்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் வில்ஃப் ஓட்ஸ் இறந்துபோனார். பெரில் அதற்கு முன்னால் அவருக்கு இரண்டு கடிதம் போட்டாராம், பதில் இல்லையாம். க்ளைவ் சொன்னார். "ஏதோ பழைய மனஸ்தாபம் போல" என்றார்.

நான் பெரிலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், ஒருமுறை அல்ல.

அன்புள்ள திருமதி கார்ஸ்டாங், நீங்கள் என்னை மறந்திருப்பீர்கள்

அன்புள்ள திருமதி கார்ஸ்டாங், அன்று உங்கள் மைக் கெட்டுப்போகவில்லை

அன்புள்ள திருமதி கார்ஸ்டாங், அவர் உங்களை வெறுத்துச் சாகவில்லை, உங்களைத் தப்பாகப் புரிந்துகொண்டு

எதுவும் முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதினேன், அந்த அரங்கத்தில் இருந்த ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில். அதைத் தற்செயல் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

பெரிலுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. தெளிவாக இருக்கிறார், தபால் வந்தால் அவரே பிரித்துப் படிக்கிறார் என்று க்ளைவ் சொல்கிறார். வில்ஃப் மன்னிக்காமல் எழுந்து போனார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கதையின் முடிவு அவர் வீட்டு வாசலில் கிடக்கிறது. யாராவது நாலு வரி எழுதிப்போட்டால் போதும். விலாசம் என்னிடம் இருக்கிறது. இங்கே போடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். போட்டால் உங்களில் ஒருவராவது எழுதிவிடுவீர்கள்.

போடவில்லை.